மறியல்: மறிப்பவர் யார்?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் குடிநீர் வராவிட்டால் காலிக் குடங்களோடு சாலை மறியல். மின்சார ரயில் தொடர்ந்து தாமதமானால் பொன்னேரியில் பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி ரயில் மறியல். அதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. அங்குள்ள பெரியவர்களுக்கு மறியல் என்றால் சிறை. ‘அவனை மறியலில போட்டிட்டாங்கள்’ என்பது அவர்கள் ஊர்ப் பேச்சு. நாம் நீதிமன்றக் காவல் என்பதை யாழ்ப்பாண நாளேடுகள் இன்றும் ‘விளக்கமறியல்’ என்றே எழுதுகின்றன.

வேர் ஒன்றுதான்: மறி. மறிதல் திரும்புதல், மறித்தல் திருப்புதல், தடுத்தல். அலை புரண்டு திரும்புவதால் மறிகடல். உரத்துக்காக வயலில் ஆட்டை அடைத்து வைப்பது கிடை மறித்தல். போகவிடாமல் தடுப்பதும் ஓரிடத்தில் அடைப்பதும் இந்த ஒரே வினைக்குள் அடங்கும். இலங்கை அடைப்பதை எடுத்துக்கொண்டது, நாம் தடுப்பதை.

ஆளைப் பிடித்து மறித்துவைக்க அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் இல்லாதவர்களும் மறிக்கலாம் என்றானது காந்தி காலத்தில். 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும். கையில் கம்புகூட இல்லை. 1938இல் சென்னை இந்து தியாலஜிகல் பள்ளி வாசலில் இந்தி எதிர்ப்பு மறியல் தொடங்கியது. அந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசன் 1939 ஜனவரியிலும் தாளமுத்து மார்ச்சிலும் உயிர் நீத்தனர். இலங்கைத் தமிழில் சொன்னால், மறியல் செய்து மறியலுக்குப் போனவர்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணிக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. அதைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய வடக்கெல்லைப் போராட்டத்தில் 1953இல் ம.பொ.சி. சிறை சென்றார்; இலங்கைப் பொருளில் அதுவும் மறியல்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.  

இலங்கையில் 1961 பிப்ரவரியில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். நம் பத்திரிகைகளின் அகராதியில் அது அசல் மறியல். அவர்களோ அதைச் சத்தியாக்கிரகம் என்றே அழைத்தார்கள். மறியல் என்ற சொல் அங்கே ஏற்கெனவே சிறைக்குள் இருந்தது. ஏப்ரலில் அவசரநிலை வந்தது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

இன்று நம் ஊரில் சாலையை மறித்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்து மாலையில் விடுவிக்கிறார்கள். காலையில் தமிழ்நாட்டுப் பொருள், மதியம் இலங்கைப் பொருள். அகராதி தொகுப்பவர்கள் ‘இலங்கை வழக்கு’ என்று ஒன்றை ஓரத்தில் ஒதுக்காமல், இரண்டையும் சம வரிசையில் தர வேண்டும்.