சிரற்பறவையும் தையலூசியும்

ஜித்ரா வட்டாரத்து வயல்வாய்க்கால்களில் மீன்கொத்தியைக் காணாதார் இலர். அப்பறவையைச் 'சிரல்' என்பது பழந்தமிழ் வழக்கு. செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்து 42ஆம் பாட்டில், குளிர்ந்த கயத்துள் பாய்ந்து மேலெழும் சிரலைப்போல, வீரர் மார்பின் புண்ணுள் புகுந்து வெளிப்படும் நீண்ட ஊசி காட்டப்படுகின்றது. புண்ணைத் தைக்கும் மருத்துவத்தைப் புலவர் அறிந்திருந்தார் என்பது இதனால் தெளிவாகும்.

தைத்த இழை யாது? பாட்டு அதனைக் கூறவில்லை. கிழிந்த குடலைப் பேரெறும்பின் தலையால் கவ்வுவிக்கும் முறையொன்றைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. 1869இல் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலம் ஊட்டிய ஆட்டுக்குடல் இழையைக் கையாண்டார். அது உடலிற் கரைந்தது. கரையும் காலமோ ஒருசீராக இல்லை. 1960களில் உருவாகிய பாலிகிளைக்காலிக் அமில இழை, உடல்நீர் பட்டுச் சிறிது சிறிதாகச் சிதைந்து, புண் ஆறியபின் மறைகின்றது. உடலின் நிலைக்கேற்ப மாறும் இன்றைய மருத்துவப் பொருள்களுக்கு இவ்விழை முன்னோடிகளுள் ஒன்று.

ஜப்பானில் 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை அதிவிரைவு இரயிலின் முகப்பு, மீன்கொத்தியின் அலகைப் பார்த்து அமைக்கப்பட்டது. பரணர் கண்டது உவமை. பொறியாளர் கண்டது அமைப்பு. இரண்டும் ஒன்றெனச் சாதித்தல் தமிழுக்குப் பெருமை சேர்க்காது. புண் தைத்த கையையும் அதனைக் கூர்ந்து நோக்கிய கண்ணையும் மாணவர்க்கு உள்ளவாறு உணர்த்துதலே சாலும்.