செல்லாமல் போன ஜி.ஓ.

ஒரு சட்டம் 'அரசியல் சாசனத்துக்கு முரணானது'ன்னு கோர்ட் சொல்லிட்டா, அரசாங்கம் ஏதோ அக்கிரமம் பண்ணிடுச்சுன்னுதான் நம்மள்ல பலர் நினைக்கிறோம். எப்பவும் அப்படி இல்லைங்க. அதுக்கு நம்ம ஊர் வழக்கே ஒண்ணு இருக்கு.

நீதிக்கட்சி காலத்துலேர்ந்து மதராஸ்ல வகுப்புவாரி ஜி.ஓ. நடைமுறையில இருந்துச்சு. 1950 நிலவரப்படி, காலேஜ்ல ஒவ்வொரு 14 சீட்டுக்கும் இப்படிப் பங்கு: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்-கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. ஆக, எல்லாருக்குமே ஒரு கோட்டா!

1950 ஜனவரி 26-ல அரசியல் சாசனம் வந்துச்சு. அதுல 13-வது பிரிவு, அடிப்படை உரிமைகளோட மோதுற எந்தச் சட்டமும், பழசா இருந்தாலும், மோதுற அளவுக்குச் செல்லாதுன்னு சொல்லுது. 29(2), அரசுக் கல்லூரியில சாதி, மதம் மட்டுமே காரணமா யாருக்கும் இடம் மறுக்கக் கூடாதுங்குது.

செண்பகம் துரைராஜன் மெடிக்கல் சீட்டுக்காகவும், சீனிவாசன்ங்கிற மாணவர் கிண்டி இன்ஜினியரிங் சீட்டுக்காகவும் ஹைகோர்ட் போனாங்க. (செண்பகம் அப்ளிகேஷனே போடலைங்கிறது சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே பதிவாகியிருக்கு!) ரெண்டு கோர்ட்லயும் அரசு தோத்துச்சு. 1951 ஏப்ரல் 9-ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்போட வாதம் ரொம்ப எளிமை: வேலைவாய்ப்புல இடஒதுக்கீட்டுக்கு 16(4) இருக்கு, படிப்புக்கு அப்படி ஒரு வரி இல்லை. நலிந்த பிரிவினரோட கல்வியை ஊக்குவிக்கணும்னு 46-வது பிரிவு சொல்லுதேன்னு அரசு வாதாடிப் பார்த்துச்சு. அது வழிகாட்டு நெறிதான், அடிப்படை உரிமையை மீற முடியாதுன்னுட்டாங்க.

என் பாஷையில சொன்னா, கம்பைலர் எரர். புரோகிராமோட நோக்கம் நல்லதா கெட்டதான்னு கம்பைலர் பாக்காது :-)

ஆனா எத்தனை பேரோட படிப்பு அந்த இல்லாத ஒரு வரியில தொங்கிச்சுன்னு யோசிங்க. பெரியாரும் தி.மு.க.வும் தெருவுல இறங்கினாங்க. நேரு பிரதமர், அம்பேத்கர் சட்ட அமைச்சர். முதல் பொதுத்தேர்தல்கூட நடக்கலை, அதுக்குள்ள 1951 ஜூன்ல அரசியல் சாசனத்துக்கு முதல் திருத்தம். சமூகரீதியாவும் கல்வியிலயும் பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம்னு 15(4) சேர்ந்துச்சு.

எல்லாருக்கும் பங்கு பிரிக்கிற அந்தப் பழைய 14 கணக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை.