பன்னிரண்டு வோல்ட்டும் சில சர்க்குலர்களும்

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு புது சர்க்குலர் வந்தால், எங்கேயோ ஒரு கிளையில் பணம் போயிருக்கிறது என்று அர்த்தம். முதலில் நஷ்டம், அப்புறம்தான் விதி. கணினியில் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதற்குச் சோறு போடும் பவர் சப்ளைக்கும் நடுவே நடந்துவரும் நாற்பது வருடக் கதையும் இதேதான் என்று ஒரு பி.காம். பட்டதாரி சொன்னால் சிரிக்காதீர்கள் :-)

ஏன் இந்தக் கதை என்கிறீர்களா? ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் பையன் கேம் என்கிறான், பெண் அனிமேஷன் படிக்கிறாள். சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் என்றால் தில்லியில் இருக்கும் எங்களுக்கு நேரு பிளேஸ். அங்கே போய் ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கார்டு வாங்குகிறோம். கடைசியில் பட்ஜெட் இடிக்கும்போது கை வைப்பது பவர் சப்ளையில். "அது சும்மா ஒரு டப்பா சார்" என்பார் கடைக்காரர்.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை மொத்தமே 63.5 வாட். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் இழுப்பதைவிடக் குறைவு. திரைக்கான கார்டு மதர்போர்டு ஸ்லாட்டில் கிடைத்ததை வைத்துக் குடும்பம் நடத்தியது. 1997-ல் ஏஜிபி ஸ்லாட் வந்தது. அதுவும் சீக்கிரமே பற்றாமல் போனது.

2000-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ5 5500 ஹார்ட் டிஸ்குக்குப் போகும் வயரை வாங்கிக்கொண்டது. அதன் அண்ணன் வூடூ5 6000 சுவரில் செருகும் தனி அடாப்டரே கேட்டது. கடைக்கு வருவதற்குள் கம்பெனியே போய்விட்டது. 2002-ல் ஏடிஐயின் ரேடியான் 9700 புரோ ஃபிளாப்பி வயரைப் பிடித்துக்கொண்டது. வீட்டுச் சாப்பாடு போதாமல் பக்கத்து வீட்டில் கைநீட்டிய காலம் அது.

2004-ல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபோதுதான் எல்லாருக்கும் லிமிட் போட்டார்கள். ஸ்லாட்டிலிருந்து 75 வாட், 6 பின் கனெக்டரில் இன்னொரு 75. பின்னால் வந்த 8 பின்னுக்கு 150. ஆனால் லிமிட் இருந்தால் ஓவர்டிராஃப்டும் இருக்கும் அல்லவா? 2016 ஜூனில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 ஸ்லாட்டிலிருந்து அளவுக்கு மேல் இழுப்பதைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே டிரைவர் மென்பொருளைத் திருத்தி அதைக் குறைத்தது கம்பெனி.

2020-க்குப் பின் வந்த பெரிய கார்டுகளில் வேறு தலைவலி. சராசரி இழுவை சரியாக இருக்கும். கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்தில் திடீரென்று பல மடங்கு இழுக்கும். நல்ல சப்ளைகள்கூட பயந்து அணைந்தன. 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, சொன்ன வாட்டைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும் என்றது. அதே வருடம் ஆர்டிஎக்ஸ் 4090-இன் 600 வாட் கனெக்டர் சில வீடுகளில் உருகியது. 600 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர். ஆறே பின்களில் அவ்வளவும் போக வேண்டும். பிளக்கை முழுதாகச் செருகாததுதான் காரணம் என்றது என்விடியா. 2023-ல் கனெக்டரைத் திருத்தினார்கள்: சரியாக உட்காராவிட்டால் கார்டு கிளம்பாது. அப்படியும் 2025-ல் 5090 கார்டுகளில் உருகிய செய்திகள் வந்தன.

இந்த விதிகள் எல்லாம் உலகத்துக்குப் பொது. நம் ஊர்ச் சுவருக்குள் இருப்பது வேறு. நம் தெருவுக்கு வருவது மூன்று ஃபேஸ். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே சுமார் 400. நியூட்ரல் வயர் எங்கேயாவது கழன்றால் சில வீடுகளில் வெளிச்சம் மங்கும், சில வீடுகளில் பல்ப் பளீரென்று எரிந்து உயிரை விடும். சில வருடங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் இப்படி ஆனது. ஒரே மாடியில் இரண்டு வீட்டுக் கணினிகள் போயின. ஒன்றில் பவர் சப்ளை மட்டும் செத்தது. இன்னொன்றில் அது போகும்போது மதர்போர்டையும் கார்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயிற்று. அந்த வீட்டுப் பையன் கல்லூரி பிராஜெக்ட்டை அந்த கார்டை நம்பித்தான் வைத்திருந்தான்.

வித்தியாசம் டப்பாவுக்குள் இருக்கிறது. கார்டுக்கு வரும் 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். கார்டு அதைச் சுமார் 1 வோல்ட்டாகக் குறைத்துத் தன் சிப்புக்குக் கொடுக்கிறது. நடுவில் இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 12 வோல்ட்டும் நேராக சிப்பின் தலையில் இறங்கும். நல்ல சப்ளையில் வோல்டேஜ் ஏறினாலோ கரண்ட் கூடினாலோ ஷார்ட் ஆனாலோ உடனே அணைக்கும் காவல் சுற்றுகள் உண்டு. தான் செத்தாவது கார்டைக் காப்பாற்றும். மலிவு சப்ளையில் முதலில் மிச்சம் பிடிப்பது அந்தக் காவலில்தான்.

டப்பா மேல் 500 வாட் என்று போட்டிருப்பது அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் மாதிரி. செலுத்திய மூலதனம் எவ்வளவு என்று பாருங்கள். லேபிளில் +12 வோல்ட் வரியில் எழுதிய ஆம்பியரைப் 12-ஆல் பெருக்குங்கள். 20 ஆம்பியர் என்றால் 240 வாட்தான். கார்டும் பிராசசரும் அதற்குள்தான் பிழைக்க வேண்டும்.

இன்னும் மூன்று. ஸ்பைக் பஸ்டர் நொடிக்குள் வந்து போகும் அடியைத்தான் தாங்கும். நிமிடக்கணக்கில் 400 வோல்ட் நின்றால் அதுவும் எரியும், அதற்கு ஹை வோல்டேஜ் கட்-ஆஃப் வேண்டும். வாடகை வீட்டில் மூன்றாவது பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கழற்றி மாட்டும் கேபிள் இருக்கிற சப்ளையை மாற்றினால் பழைய கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கும்.

எரிந்த கரி தெரிந்தால் வாரண்டிக்காரர் கையை விரித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி அந்த லேபிளை ஒரு தடவை படித்துவிடுங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதன் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.