முப்பரிமாண ஹெட்போன் ஒலி

ஹெட்போனில் கேட்கும் ஒலி தலைக்குள்ளேயே தங்கிவிடாமல், முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ தலைக்கு மேலிருந்தோ வருவதுபோல் கேட்கச் செய்யும் டிஜிட்டல் நுட்பம். இடப்பக்கம் எழும் ஒலி வலக்காதுக்குச் சற்றுப் பிந்தியும் மங்கியும் சேர்கிறது. பிந்துவது அதிகம் போனால் 0.7 மில்லிவினாடி, மூளைக்கு அது போதும். முன், பின், மேல் என்பவற்றைச் சொல்வது செவிமடலின் மடிப்புகள். ஒலி வரும் திசைக்கேற்ப அதன் உயர் அதிர்வெண்களை அவை கூட்டியும் குறைத்தும் அனுப்புகின்றன.

1881 பாரிஸ் மின்கண்காட்சியில் கிளெமான் அதேர், ஓபரா மேடையின் ஒலியை இரு காதுக்கும் தனித்தனித் தொலைபேசியில் கேட்கவைத்தார். 1933 சிகாகோ கண்காட்சியில் பெல் ஆய்வகம் காதருகே மைக் பொருத்திய பொம்மைத் தலையைக் காட்டியது.

கணினி நுழைந்த கட்டத்தில் ஓர் இந்தியரின் பங்கு பெரிது. கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த பிஷ்ணு அட்டல் 1961இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே மன்ஃபிரட் ஷ்ரோடருடன் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் இது: இடது ஸ்பீக்கரின் ஒலி வலக்காதிலும் விழுகிறது. அதை அழிக்கும் எதிர் ஒலியை வலது ஸ்பீக்கரில் விட்டார்கள். அதுவும் இடக்காதுக்குக் கசியும். அதற்கும் ஓர் எதிர் ஒலி. இப்படிக் கணக்கிட்டு, முன்னால் இருந்த இரண்டே ஸ்பீக்கர்களில் பக்கவாட்டு ஒலியை எழுப்பினார்கள். கேட்பவர் தலையைத் திருப்பினால் மாயம் கலைந்துவிடும். 1966இல் காப்புரிமை கிடைத்தது. ஹெட்போனில் இந்தக் கசிவு இல்லை. தலை, செவிமடல் இரண்டின் வேலையையும் செய்யும் ஃபில்டர் மட்டும் போதும். பேச்சுக் குறியீட்டுக்காகவே நினைக்கப்படும் அட்டலை இத்துறையின் முன்னோடியாகவும் சொல்ல வேண்டும்.

அந்த ஃபில்டருக்கான அளவுகள் பிறகு வந்தன. 1994இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கெமார் என்ற பொம்மையைச் சுற்றி 710 திசைகளில் அளந்து, முடிவுகளை இலவசமாகவே வெளியிட்டார்கள். 2001இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 45 பேரின் அளவுகளைத் தொகுத்தது. மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ரமணி துரைசுவாமி இணைந்து நிறுவிய விசிசானிக்ஸ் நிறுவனத்தின் நுட்பத்துக்கு 2014இல் மெய்நிகர் கருவி நிறுவனமான ஆக்குலஸ் உரிமம் பெற்றது.

தமிழ் ரசிகர்களுக்கு இதன் திரையரங்கு வடிவம் 2012 டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ மூலம் அறிமுகமானது. ஒலிகளுக்குத் திசை குறித்துவைக்கும் டால்பி அட்மாஸ் முறையில் வந்த முதல் இந்தியப் படம் அது. அட்மாஸில் கலந்த பாடலை ஹெட்போனில் கேட்கும்போது, ஒவ்வொரு ஒலியும் அதன் திசைக்குரிய ஃபில்டர் வழியாகவே காதுக்கு வருகிறது.

காது ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பொதுவான ஃபில்டரில் முன்னால் கேட்க வேண்டியது பலருக்குப் பின்னால் கேட்கிறது. தலையசைவை உணரும் ஹெட்போன்கள் இக்குழப்பத்தைப் பெரிதும் குறைக்கின்றன. 2022 முதல் ஐபோன், கேமராவால் காதைப் படமெடுத்து அவரவர்க்கு ஏற்றபடி ஒலியை அமைத்துத் தருகிறது.