காலம் தாழ்த்திக் கேட்ட சாட்சியம்

நாசிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவைப் பேணுதற்கும் அப்பேரழிவின் சாட்சியங்களைத் திரட்டுதற்குமென இஸ்ரவேல் 1953இல் யாட் வாஷெம் நிலையத்தைச் சட்டமியற்றி நிறுவியது. சாட்சியத்தை உரிய காலத்தில் திரட்டுவதன் அருமையைச் சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாறும் உணர்த்தும்.

1977ஆம் ஆண்டு இலங்கையில் தமிழர்மீது நிகழ்ந்த வன்செயலைச் சன்சோனி ஆணைக்குழு உடனே விசாரித்து, 1980இல் அறிக்கை தந்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயன்கள் எரிந்தன. தொழிலாளர் குடும்பங்கள் உயிர் தப்பியோடின. அதனை ஆராயும் உண்மை ஆணைக்குழுவோ 2001இலேதான் அமைந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் சாட்சிகள் சிலர் மாண்டனர். சிலர் வவுனியாவுக்கும் தமிழகத்துக்கும் பெயர்ந்தனர்.

தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளியின் பெயரும் வேலைநாளும் உண்டு. அவர் பட்ட துயர் இல்லை. அதனை உரைக்கவல்ல முதியோர் இருக்கும்போதே கேட்டெழுதிக் காப்பது நம் கடன்.