வறண்ட ஆறு சும்மா கிடக்கிறதா?

தண்ணீர் ஓடவில்லை என்றால் அது ஆறே இல்லை, வெறும் காலி இடம் என்று நினைப்பவர்கள் அதிகம். மதுரைக்குப் போய் வைகையைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

சித்திரை மாதம், கொளுத்தும் வெயில். அழகர்கோவிலிலிருந்து வரும் கள்ளழகர் சித்ரா பௌர்ணமியை ஒட்டி வைகையில் இறங்குகிறார். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, இரண்டு விழாக்களையும் சேர்த்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) என்பது மதுரை வழக்கு. அன்று கூடுகிற லட்சக்கணக்கான பேருக்கு இடம் கொடுப்பது காய்ந்த மணல்தான்! 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. இப்போது அழகருக்காக அந்த அணையிலிருந்துதான் தண்ணீர் விடுகிறார்கள்.

மற்ற நாட்களில் அதே மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், மாடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் அதுவே வெள்ளம் போகும் வழி. தரைப்பாலங்கள் மூழ்கிவிடும்.

பெரிய ஆற்றைத் திருவிழா ஓரளவு காப்பாற்றியது. சின்ன ஓடைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊருக்குள் ஓடிய கிருதுமால் நதி சாக்கடையானது. செல்லூர் கண்மாயின் உபரி நீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி கால்வாயும் அப்படித்தான். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் அந்தக் கால்வாய் வழிந்து, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

இதே சிக்கல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் வந்தது. ஸ்காட்ஸ்டேல் நகரின் நடுவே 'இந்தியன் பெண்ட் வாஷ்' என்ற வறண்ட ஓடை உண்டு. 1960-களில் ராணுவப் பொறியாளர்கள் அதைக் கான்கிரீட் கால்வாயாக்கத் திட்டம் போட்டார்கள். ஊரை இரண்டாகப் பிளக்கும் என்று மக்கள் மறுத்தார்கள். 1972-இல் பெரும் வெள்ளம் வந்த பிறகும் அவர்கள் கான்கிரீட் கேட்கவில்லை. ஓடை நெடுக சுமார் 18 கிலோமீட்டருக்குப் புல்வெளி, பூங்கா, சைக்கிள் பாதை அமைத்தார்கள். மழை வந்தால் பூங்கா மூழ்கும், வடிந்ததும் மறுபடி திறப்பார்கள்.

இரண்டு ஊரும் சொல்வது ஒன்றுதான். வறண்ட ஓடை என்பது தண்ணீர் இரவல் கொடுத்திருக்கும் இடம். விளையாட்டும் திருவிழாவும் தண்ணீர் வந்தால் எழுந்து வழிவிடும். வீடும் கடையும் வழிவிடுமா?