தாம்பரம் வட்டாரத்தில் மின்னணு மருத்துவப் பதிவேடுகள்

நோயாளியின் நோய் வரலாறு, பரிசோதனை முடிவுகள், உண்ணும் மருந்துகள், அடுத்து வரவேண்டிய நாள் ஆகியவற்றைக் கணினியில் பதிந்து, வேண்டிய இடத்தில் எடுத்துப் பார்க்கும் முறை மின்னணு மருத்துவப் பதிவேடு எனப்படும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகரில் இது காசநோய், எச்.ஐ.வி., மகப்பேறு, நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று நெடுநாள் கவனிப்பு தேவைப்படும் துறைகளின் வழியே வேரூன்றியது.

காகிதக் காலம்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து 1928இல் 12 படுக்கைகளுடன் தொடங்கினார். 1937இல் அது அரசின் வசம் வந்தது. நோயாளிகள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கினர். கேஸ் ஷீட்டும் அவர்களோடு அங்கேயே இருந்தது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இந்த வழக்கத்தை மாற்றியது. வீட்டிலிருந்தே மருந்து உண்பவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைகிறார்கள் என்று 1959இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனை வளாகத்தை விட்டு வீடுகளுக்குச் செல்ல இம்முடிவு வழிவகுத்தது. யார் மருந்து வாங்க வந்தார், யார் நடுவில் நிறுத்தினார் என்று நோயாளியைத் தொடர்ந்து செல்லும் பதிவேடு அப்போதுதான் உயிர்காக்கும் கருவியானது.

எச்.ஐ.வி., காசநோய்ப் பதிவுகள்

சானடோரியம் மருத்துவமனை 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளையும் ஏற்றது. மத்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் இலவச ஏ.ஆர்.டி. கூட்டுமருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் தேர்வான 8 மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. ஆயுள் முழுவதும் உண்ண வேண்டிய மருந்து என்பதால், மையத்தில் வெள்ளை அட்டையும் நோயாளியின் கையில் பச்சைப் புத்தகமும் வைக்கப்பட்டன. பின்னர் இவ்விவரங்கள் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மென்பொருள்களுக்கு மாறின. ஊர் பெயர்ந்தவர் வேறொரு மையத்தில் மருந்தைத் தொடர இது உதவியது.

காசநோயைக் கண்டறியும் தனியார் மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை 2012இல் வந்தது. அதே ஆண்டில் காசநோயாளிகளைப் பதியும் நிக்ஷய் இணையத் தளம் தொடங்கப்பட்டது. நோயாளிகளுக்கான மாதாந்தர ஊட்டச்சத்து உதவித்தொகை 2018 முதல் இந்தப் பதிவின் அடிப்படையிலேயே வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. உடல் எடைக்கும் உயரத்துக்குமான விகிதம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானமின்றி நிற்கும் வலு ஆகியவற்றைப் புதிய நோயாளியிடம் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது இதன் முறை. முதலில் ஒரு காகிதப் படிவம், பிறகு கணினிப் பதிவு என்ற வரிசையில் இது நடைபெறுகிறது. செவிலியரின் கைக்கு எளிதாக வருவதைத் தேர்ந்தெடுத்ததே இதன் சிறப்பு.

பிக்மி

கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் பெயர்வாரியாகப் பின்தொடரும் ‘பிக்மி’ மென்பொருள் தமிழ்நாட்டில் 2008இல் அறிமுகமானது. பிறப்புச் சான்றிதழ் பெற இதில் கிடைக்கும் 12 இலக்கப் பதிவு எண் தேவை என்ற விதி 2017இல் வந்தது. அதன்பின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களும் இதே அமைப்புக்குள் வந்தன.

தென்புறநகருக்கு இது மிகவும் பொருந்தியது. பிற மாவட்டங்களிலிருந்து வேலைக்காகக் குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். தாம்பரத்தில் பதிவு செய்துகொண்ட பெண் வளைகாப்பு முடிந்ததும் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ உள்ள தாய்வீட்டுக்குப் போவாள். இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன் போன்ற விவரங்கள் அவளுக்கு முன்பே அந்த ஊர்ச் செவிலியரிடம் சென்றுசேர வேண்டும். பிரசவத்துக்கு மறுபிறவி என்று பெயர் வைத்த சமூகத்தில், இந்த ஒரு பயன் போதும் இத்தனை உழைப்புக்கும்.

அரசு மருத்துவமனைகள்

உலக வங்கிக் கடனுதவியுடன் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டம், மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் புறநோயாளி பதிவு, ஆய்வகம், மருந்தகம் ஆகியவற்றைக் கணினியில் இணைக்கும் பணியை மேற்கொண்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களுக்கான பரிசோதனைகள் 2012 முதல் மாநிலம் முழுவதும் விரிந்தன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து, செயலியில் பதிகிறார்கள். வாசற்படியில் நின்று கைப்பேசியில் விவரங்களைத் தட்டச்சு செய்யும் இப்பெண்களே வட்டாரத்தின் பதிவேட்டுப் பணியில் பெரும்பங்கைச் சுமக்கிறார்கள். அவர்கள் உழைப்புக்குரிய மதிப்பு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

தனியார் துறை

மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009இல் தொடங்கியதும், சிகிச்சைக்கு முன்அனுமதி பெற ஸ்கேன், அறிக்கை, மருத்துவக் குறிப்பு அனைத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டிய கட்டாயம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கு வந்தது. குரோம்பேட்டை, பெரும்பாக்கம், பள்ளிக்கரணை ஆகிய இடங்களில் எழுந்த பெரிய மருத்துவமனைகள் கணினியையே நம்பி இயங்குகின்றன. இவ்வட்டாரத்துத் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களில் அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளுக்குக் குறியீடு இடும் ‘மெடிக்கல் கோடிங்’ பணி பல இளைஞர்களுக்குப் பிழைப்பு. அவர்களுடைய பெற்றோரோ எக்ஸ்ரேயையும் பழைய சீட்டுகளையும் துணிக்கடைப் பையில் போட்டு மருத்துவரிடம் போகிறார்கள்.

ஒற்றை மருத்துவர் நடத்தும் கிளினிக்குகளில் மாற்றம் மெதுவானது. மாலை நேரக் கூட்டத்தில் தட்டச்சு செய்ய நேரமில்லை. மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. தரவு உள்ளிட தனி ஆள் வேண்டும். ஆகவே அங்கே ஆய்வகமும் மருந்துக்கடையும் முதலில் கணினிக்கு மாறின. மருந்துச் சீட்டு பேனாவிலேயே நின்றது.

சட்டமும் தரநிலைகளும்

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள், உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் காக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்கவும், பதிவுகளைக் கணினிமயமாக்க முயலவும் கூறின. மத்திய அரசு மின்னணுப் பதிவேட்டுத் தரநிலைகளை 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. விவரங்கள் நோயாளிக்கே உரியவை, மருத்துவமனை அவர் சார்பில் அவற்றைக் காப்பது மட்டுமே என்பது அவற்றின் அடிப்படை. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண்ணின் வழியே, நோயாளியின் சம்மதத்துடன் பல மருத்துவமனைப் பதிவுகளை இணைக்க முனைகிறது.

இரகசியத்தின் அருமையை எச்.ஐ.வி. வார்டுகள் முன்பே உணர்ந்திருந்தன. பெயர் வெளியே தெரிந்தால் வேலையும் வாடகை வீடும் பறிபோகும் நிலை அங்கே இருந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், இந்நோய் விவரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடு செய்வதைக் கட்டாயமாக்கியது. எல்லா வகைத் தனிப்பட்ட மின்தரவுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2023இல்தான் நிறைவேறியது.

இன்றைய நிலை

தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது. ஆயினும் குரோம்பேட்டையில் பார்த்த நோயாளி மேல்சிகிச்சைக்காகச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவது இவ்வட்டாரத்தில் அன்றாடம் நடப்பது. பிக்மி, நிக்ஷய், தொற்றா நோய்ச் செயலி, காப்பீட்டுத் தளம் எனப் பல பதிவேடுகள் இருந்தும், சர்க்கரையும் காசநோயும் சேர்ந்து வந்த ஒருவரின் முழுக் கதையை அவர் முன் அமர்ந்த மருத்துவர் ஒரே திரையில் காண்பது அரிது. இதுவரையிலான பதிவுமுறை பெரும்பாலும் திட்டத்தின் கணக்கை மேலிடத்துக்கு அனுப்புவதற்காக வளர்ந்தது. தரநிலைகள் சொல்வதுபோல் பதிவு நோயாளியின் உடைமையாக வேண்டுமானால், டிஸ்சார்ஜ் சம்மரியின் சாரம் அவருக்குத் தெரிந்த தமிழில் கிடைக்க வேண்டும். செவிலியர் ஒரே விவரத்தை நாலு இடத்தில் எழுதும் சுமை நீங்க வேண்டும். கைப்பேசி இல்லாத முதியவருக்கும் அச்சுப் பிரதி மறுக்கப்படக் கூடாது. வெள்ளை அட்டையும் பச்சைப் புத்தகமுமாகப் பதிவை மையத்துக்கும் நோயாளிக்கும் பகிர்ந்து கொடுத்த ஏற்பாடு இதற்கு நல்ல முன்மாதிரி. புதிய மென்பொருள்கள் அந்தப் பங்கீட்டைப் பின்பற்றுவதே முறை.